கிளைடர் விமானியும் நாரிநோவும்

உச்சி வெயில் வேளையிலே பருந்தொன்று சிறகை அசையாது விரித்தபடி வட்டமிட்டு மேலெழுவதைக் காணாதவர் இலர். வெயிலிற் சூடேறிய நிலத்திலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றே அதனைத் தாங்கிச் செல்கின்றது. அதே காற்றை நம்பி, இயந்திரத்தின் துணையின்றி, மணிக்கணக்காக வானிற் பறக்கும் விமானத்துக்குக் கிளைடர் என்று பெயர். ஆனாற் பருந்துக்கு இல்லாத தொல்லையொன்று கிளைடரில் ஏறிய மனிதனுக்கு உண்டு. பருந்து பறக்கின்றது, மனிதனோ வானத்திலும் உட்கார்ந்தே இருக்கின்றான். நெடும் பறப்பொன்றை முடித்துத் தரையிறங்கும் விமானியின் கை சோர்வதிலும், கண் சோர்வதிலும், அவருடைய நாரி நோவதே பெரிதாக இருக்கின்றது. விமானத்திலிருந்து இறங்கியதும் இடுப்பிற் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல மெல்ல நிமிரும் காட்சி கிளைடர்க் கழகங்களிற் புதுமையன்று.

தொடக்க காலத்து விமானிகளுக்கு உட்காரும் வசதியே இருந்ததில்லை. இக்கலையின் முன்னோடியெனப் போற்றப்படும் ஜேர்மானியரான ஒட்டோ லிலியென்தால், தாம் செய்த சிறகுகளிற் கைகளால் தொங்கிய வண்ணமே குன்றுகளிலிருந்து பறந்தார். 1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் அவர் கீழே விழுந்தார். கழுத்து முள்ளென்பு முறிந்து மறுநாள் உயிர்நீத்தார். முதல் உலகப் போருக்குப் பின்னர், ஜேர்மனியில் இயந்திர விமானங்களுக்கு வேர்சாய் உடன்படிக்கை தடைகள் விதித்திருந்த காலத்தில், இளைஞர்கள் வாசர்குப்பே என்னும் மலையிற் கூடிக் கிளைடர் விட்டனர். 1920 முதல் அங்கே போட்டிகள் நடைபெறலாயின. அந்நாளைய விமானங்களிற் பலகை போன்ற இருக்கையில் நிமிர்ந்திருந்து பறந்தார்கள்.

பின்னர், விமானம் காற்றை இலகுவாகக் கிழித்துச் செல்ல வேண்டுமாயின் அதன் உடல் ஒடுங்கியிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. கண்ணாடியிழையாற் செய்யப்பட்ட முதலாவது கிளைடரான ‘பீனிக்ஸ்’ 1957இல் பறந்தது. அதனையடுத்த ஆண்டுகளில் விமானி சாய்ந்து, கால்களை முன்னே நீட்டி, ஏறக்குறையப் படுத்த நிலையில் இருந்து ஓட்டும் அமைப்பு எங்கும் பரவியது. சுருங்கக் கூறின், இருக்கையின் வடிவத்தைத் தீர்மானித்தது காற்றேயன்றி மனிதனுடைய முதுகன்று.

அவ்விருக்கையில் அவர் எவ்வளவு நேரம் இருக்கின்றார்? வெள்ளிப் பதக்கச் சின்னத்தை நாடும் இளம் விமானிக்கு விதிக்கப்படும் தேர்வுகளுள் ஒன்று, தொடர்ச்சியாக 5 மணி நேரம் வானில் நிற்பதாகும். வல்லுநர்களின் கதை வேறு. ஹான்ஸ் வேர்னர் குறோசே என்பவர் 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள் ஜேர்மனியின் லூபெக் நகரிலிருந்து பிரான்சின் பியாரிட்ஸ் வரை 1,460 கிலோமீற்றரை ஒரே மூச்சிற் கடந்தபோது, பதினொரு மணி நேரத்துக்கு மேலாக ஆசனத்தில் இருந்தார். 2003இல் கிளவுஸ் ஓல்மான் தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடர் வழியே ஏறத்தாழ 3,009 கிலோமீற்றர் பறந்தார். எழுந்து நிற்கவோ, காலாற நடக்கவோ, திரும்பிப் படுக்கவோ இடமில்லாத ஒரு கூட்டினுள் நிகழ்ந்த செயல்கள் இவை.

நாரியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் ஐந்து பெரிய முள்ளென்புகள் உள. ஒவ்வோர் என்புக்கும் இடையே நார்களாற் பின்னப்பட்ட வளையமும் அதனுள்ளே பாகுபோன்ற பொருளும் கொண்ட தட்டொன்று அமைந்துள்ளது. நிற்கும்போது இப்பகுதி முன்னோக்கி மெல்ல வளைந்திருக்கும். அவ்வளைவே அதன் இயல்பு. உட்கார்ந்தவுடன் இடுப்பென்பு பின்னே சரிய, வளைவு தட்டையாகின்றது. கால்களை நேராக நீட்டினாலோ, தொடையின் பின்புறத் தசைகள் இடுப்பென்பை மேலும் இழுத்து, வளைவை அறவே அழித்துவிடுகின்றன. கிளைடர் விமானியின் நிலை இதுவே.

சாய்ந்திருத்தல் முற்றிலும் தீங்கானதன்று. சுவீடன் நாட்டு வைத்தியரான அல்ஃப் நக்கெம்சன் 1960களில் உயிருள்ளோரின் முள்ளந்தண்டுத் தட்டுகளில் ஊசி செலுத்தி அமுக்கத்தை அளந்தார். அவ்வழியில் நடந்த ஆராய்ச்சிகள், முதுகு பின்னே சாயச் சாயவும், நாரியின் வளைவுக்குத் தாங்கல் கொடுக்கக் கொடுக்கவும், தட்டின் அமுக்கம் குறைவதைக் காட்டின. ஆகவே சாய்வினால் வரும் நன்மை விமானிக்குக் கிடைக்கின்றது. வளைவு இழப்பதனால் வரும் தீமையும் கூடவே வருகின்றது. நன்மையை வைத்துக்கொண்டு தீமையை நீக்குவதற்கு வழி, இடுப்புப் பட்டி கட்டும் உயரத்துக்குச் சற்று மேலே, நாரிக்குப் பின்னால், அளவான தாங்கலொன்றை அமைப்பதாகும். மிதிகளை முன்பின் நகர்த்தி, முழங்கால் சிறிது மடிந்திருக்குமாறு சரிசெய்வதும் வேண்டும். மிதி எட்டாமல் ஒரு காலை எக்கி மிதிப்பவருக்கு இடுப்பு ஒருபுறம் திருகும். பகல் முழுவதும் அவ்வாறு திருகினால் நோகாமல் என் செய்யும்? பின்பையிற் கிடக்கும் பணப்பை போன்ற அற்பப் பொருளும் ஐந்து மணி நேரத்திற் பாறாங்கல்லாகிவிடும். முதுகிற் கட்டும் பரசூட்டும் இருக்கையின் ஒரு பகுதியே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதன் கீழ் விளிம்பு எங்கே படுகின்றது என்று பார்த்த பின்னரே தாங்கலின் அளவைத் தீர்மானித்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், நல்ல மெத்தையொன்றை வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுதல் கூடும். விமானிகளும் அப்படியே எண்ணினர். ஆபத்து அங்கேதான் இருக்கின்றது.

கிளைடர் தானாகத் தரையிலிருந்து எழுவதில்லை. பல இடங்களில், மைதானத்தின் மறு கோடியில் நிற்கும் பொறியொன்று நீண்ட கம்பியைச் சுருட்டி அதனை இழுக்கின்றது. சில விநாடிகளுள் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர் அளவை எட்டுகின்றது. அவ்வேளையில் விமானியின் உடல் பின்புறமாக அழுந்தும். முதுகுக்குப் பின்னால் மெத்தென்ற தலையணை இருந்தால் அது நசுங்கி, அவர் பின்னே சரிந்துவிடுவார். மிதியிலிருந்து கால் விலகும். கட்டுப்பாட்டுத் தடியைப் பற்றிய கையும் உடலோடு பின்னே போகும். தடி பின்னே வந்தால் விமானத்தின் மூக்கு நிமிரும். தரையை விட்டு எழும்பும் கணத்தில் இது நேர்ந்தால், நாரிநோவுக்கு வைத்த தலையணை உயிருக்கே உலையாகும். காற்றடைத்த தலையணையிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. 3,000 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் 70 வீதமளவே. தரையில் அளவாக ஊதியது அங்கே புடைத்து முதுகைத் தள்ளும். காற்றைத் திறந்துவிட்டுப் பின்னர்க் கீழே வந்தால் தொய்ந்துவிடும்.

தரையிறங்கும் வேளை இதனினும் முக்கியமானது. மதிலிலிருந்து குதிக்கும் சிறுவன் முழங்காலை மடித்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கின்றான். கிளைடர் விமானியின் கால்களோ முன்னே நீட்டப்பட்டுள்ளன. அவருக்கும் நிலத்துக்கும் இடையே மெல்லிய உடற்கூடும் சிறு சக்கரமுமே இருக்கின்றன. விமானம் பலமாக நிலத்தில் மோதினால், அடி முழுவதும் புட்டத்தின் வழியே முள்ளந்தண்டில் ஏறும். நெஞ்சுப் பகுதி முடிந்து நாரிப் பகுதி தொடங்கும் இடத்திலேதான் என்பு பெரும்பாலும் நசுங்குகின்றது.

இப்பொழுது அடியில் இலவம்பஞ்சு போன்ற மெத்தை இருப்பதாகக் கொள்வோம். மோதிய கணத்தில் இருக்கை நின்றுவிடுகின்றது; உடலோ மெத்தையை அமுக்கிக்கொண்டு இன்னும் கீழே விழுந்துகொண்டிருக்கின்றது. மெத்தை முற்றாக நசுங்கியதும், உடல் திடீரென நிறுத்தப்படுகின்றது. அதுவரை சேர்த்துவைத்த வேகமெல்லாம் ஒரே அடியாக முள்ளந்தண்டில் இறங்குகின்றது. மெத்தை இல்லாதிருந்தால் வந்திருக்கக்கூடிய அடியிலும் இது பெரிது. ஆதலினாலேயே, மெல்லிய பஞ்சு மெத்தைகளை நீக்கி, சக்தியை உறிஞ்சும் தனிவகைக் கடற்பஞ்சு போன்ற பொருளைப் பயன்படுத்துமாறு பிரித்தானியக் கிளைடர்ச் சங்கம் அறிவுறுத்தி வருகின்றது. விரலால் வேகமாகக் குத்தினால் அது கல்லைப்போல் எதிர்க்கும். மெல்ல அழுத்தினால் இடங்கொடுக்கும். கையை எடுத்தபின் துள்ளாது மெதுவாகவே மீளும். உட்காருவதற்கும் அது சுகமானது; உடற் சூட்டில் இளகி உடலின் வடிவத்தை ஏற்கின்றது. சுகமும் காவலும் ஒரே பொருளில் கிடைக்கும்போது கடைத்தெருவிற் கண்ட தலையணையை நாடுவது அறிவுடைமையாகாது. இடுப்புப் பட்டியும் வயிற்றின்மேற் கிடவாது, இடுப்பென்பின்மேற் தாழ இறுக்கப்படல் வேண்டும். உடல் முன்னே கூனியிருக்கையில் அடிபட்டால் என்பின் முன்விளிம்பு நசுங்கி ஆப்பு வடிவமாகிவிடும்.

வானத்தை மட்டும் குறை சொல்வது நீதியன்று. கிளைடர் விமானியின் நாரி பெரும்பாலும் தரையிலேயே கெடுகின்றது. விமானத்தைக் கழற்றி நீண்ட இழுவைப் பெட்டியில் வைத்து வீதி வழியே கொண்டுவருவர். மைதானத்தில் மீண்டும் பூட்டுவர். ஒற்றை இருக்கை விமானத்தின் ஒரு சிறகே 60 கிலோகிராம் அளவில் நிறையுடையதாகலாம். அதனை இருவர் மூவர் தூக்கி, குனிந்து, பக்கவாட்டில் திருகி, துவாரத்தோடு துவாரம் பொருந்த நிறுத்துகின்றனர். குனிதல், திருகுதல், தூக்குதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்வதைக் காட்டிலும் நாரிக்குப் பகை வேறில்லை.

ஜேர்மனியில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தொண்டருடைய முள்ளந்தண்டுத் தட்டில் நுண்கருவி பொருத்தி அளந்தனர். 20 கிலோகிராம் சுமையை முதுகைக் கூனித் தூக்கியபோது, வெறுமனே நின்ற வேளையிலும் நான்கு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கம் ஏற்பட்டது. முழங்காலை மடித்துத் தூக்கியபோது அது மூன்று மடங்கைச் சற்றே தாண்டியது. சுமையை உடலோடு அணைத்துப் பிடித்தபோது இரண்டு மடங்கு அளவுக்கு இறங்கியது. ஓர் ஆளின் அளவையே இது; எனினும் திசை தெளிவு. சந்தைக்கு மூடை சுமப்போர் இதனைக் கருவியின்றியே அறிவர்.

இன்னொன்றும் உண்டு. இரவு படுத்திருக்கையில் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. விடியற்காலையில் அவை விறைத்திருக்கும். அந்த வேளையில் ஆழமாகக் குனிதல் அவற்றுக்குக் கடும் பாரமாகும். கிளைடர் பூட்டுவோரோ காலையில் எழுந்து, நெடுந்தூரம் மோட்டார் வண்டியில் உட்கார்ந்து வந்து, இறங்கியவுடனே சிறகைத் தூக்குகின்றனர். கால் மணி நேரம் மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டுத் தொடங்கினால் என்ன குறைந்துவிடும்? சிறகைத் தாங்கும் சக்கரத் தாங்கிகளும் இப்பொழுது உள்ளன. நாரிநோவுடையவர் அவற்றைப் பயன்படுத்துவதில் நாணமடைய வேண்டியதில்லை.

நோவு வந்தபின் பலகையிற் கிழமைக்கணக்காகப் படுக்கவைக்கும் பழைய முறையை வைத்தியர்கள் கைவிட்டுவிட்டனர். சாதாரண நாரிப்பிடிப்புக்கு இயன்றவரை நடமாடுதலே மருந்தெனக் கூறுகின்றனர். வயிற்றுத் தசை, முதுகுத் தசை, தொடையின் பின்புறத் தசை ஆகியவற்றுக்கான பயிற்சியைப் பறப்பு நடைபெறாத குளிர்காலத்திலும் விடாது செய்துவருதல் வேண்டும். வசந்தத்தின் முதல் நாளிலே திடீரென எட்டு மணி நேரம் உட்காரப் போகின்றவர் அதற்கு உடம்பை முன்னரே பழக்கியிருக்க வேண்டுமல்லவா? பறக்கும்போதும், பட்டியைக் கழற்றாமலே, இடுப்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தும், புட்டத் தசைகளை இறுக்கித் தளர்த்தியும் வரலாம்.

நோவோடு பறக்கலாமா என்பதே விமானிகளை மிகவும் வருத்தும் வினா. நோவைப் பொறுக்கும் வீரம் இதற்கு விடையாகாது. நோவு கவனத்தைத் தின்னும். எப்பொழுது இறங்குவோம் என்று ஏங்குபவர் இறங்கும் நிலத்தைச் சரியாக ஆராயமாட்டார். நோவை மறைக்க உட்கொள்ளும் மாத்திரைகளிற் சில உறக்கத்தையும் மந்தத்தையும் தருவன. கொடீன் சேர்ந்தவையும், தசையைத் தளர்த்தும் மருந்துகளும் அத்தகையன. அவற்றை உட்கொண்டவர் தரையில் நிற்பதே முறை. ஐயமுள்ளவர் தரையில் நிற்கும் விமானத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். பின்னர் இரு மிதிகளையும் முழுமையாக அழுத்தி, பரசூட்டைக் கட்டியபடியே, பிறர் கைகொடாமல் எழுந்து பக்கச் சுவரைத் தாண்டி வெளியே வரமுடிகின்றதா என்று சோதித்துக்கொள்ளலாம். வானிற் பெருவிபத்து நேர்ந்தால் அவ்வாறு தாண்டிக் குதிப்பதற்குச் சில விநாடிகளே கிடைக்கும். தரையில் நிதானமாகச் செய்ய இயலாதவர் அங்கே எவ்வாறு செய்வார்?

காலில் வலுக்குறைதல், தொடையிடுக்கிலும் புட்டத்திலும் உணர்ச்சி மரத்தல், சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமை ஆகியவை தோன்றினால் அது சாதாரண நாரிப்பிடிப்பன்று. அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். பலமான தரையிறக்கத்தின் பின் முதுகு நோகின்றது என்று விமானி சொன்னால், அவரை இழுத்து நிறுத்தவும் கூடாது, தாமே இறங்கி நடக்க விடவும் கூடாது. நெருப்பு முதலிய உடனடி ஆபத்து இல்லையாயின், விமானத்தின் மேற்கூரையைத் திறந்து, தலையையும் கழுத்தையும் அசையாது தாங்கி, அவரை இருந்தபடியே இருத்தி, அம்புலன்ஸ் வரும்வரை காத்திருத்தல் வேண்டும். என்பு நசுங்கிய நிலையிலும் எழுந்து நடந்து, தேநீர் அருந்தி, வீடு திரும்பியோர் உளர்; எக்ஸ்றே எடுத்த பின்னரே அவர்களுக்குச் செய்தி தெரிந்தது.