45 நிமிடம் சராசரி... உங்கள் தெருவில் எவ்வளவு?

மாலையில் இடியோடு மழை பிடித்தால் போதும், வானொலி நிலையத்து வாட்ஸ்அப்பில் பாட்டுக் கேட்பவர்களைவிட இப்படிக் கேட்பவர்கள்தான் அதிகம்: "கிள்ளான்ல கரண்டு இல்ல, பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கா?" தெனாகா நேஷனலுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டால், "பக்கத்து வீட்டுல சொல்லியிருப்பாங்க" என்பதே பெரும்பாலும் பதில்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 1996 ஆகஸ்ட் 3 நினைவிருக்கும். அன்று மாலை திரங்கானுவில் பாக்கா மின்நிலையம் அருகே மின்கடத்திப் பாதை துண்டிக்கப்பட, அடுத்தடுத்து மற்ற நிலையங்களும் நின்றன. தீபகற்பம் முழுவதும் இருண்டது. 2005 ஜனவரி 13-இல் போர்ட் கிள்ளான் மின்நிலையம் அருகே ஏற்பட்ட கோளாறு, கோலாலம்பூர் முதல் ஜொகூர் வரை பாதித்தது.

அப்படி ஊரோடு இருள்வது இன்று அபூர்வம். நமக்கு வரும் தடை பெரும்பாலும் தெருவோடு நிற்பது. சாலை தோண்டும்போது வெட்டுப்படும் நிலத்தடிக் கேபிள், மின்னல், பழுதான துணை மின்நிலையம் என்று காரணங்கள் பல.

ஓராண்டில் ஒரு வாடிக்கையாளர் சராசரியாக எத்தனை நிமிடம் மின்சாரம் இல்லாமல் இருந்தார் என்பதே உலகம் முழுவதும் பயன்படும் அளவுகோல். தெனாகாவின் கணக்கு சமீப ஆண்டுகளில் சுமார் 45 நிமிடம். கேபிள்கள் எல்லாம் நிலத்தடியில் ஓடும் சிங்கப்பூரில் அது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

45 நிமிடம் மோசமில்லைதான். ஆனால் அது சராசரி. ஒரே அளவிலான ஆறு தெருக்களில் ஒன்றில் மட்டும் நான்கு மணி நேரம் கரண்டு இல்லையென்றால், ஆறுக்கும் சேர்த்துச் சராசரி 40 நிமிடம். அந்த ஒரு தெருவில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு படுத்திருக்கும் தாத்தாவுக்குச் சராசரி உதவாது.

இதற்கான வழி பொறியாளர்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு தெருவுக்கு இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வரும்படி கேபிளை வளையமாக அமைப்பது. பழுதான துண்டை மட்டும் தூரத்திலிருந்தே பிரித்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து மின்சாரம் கொடுப்பது. ஆள் வந்து சாவி திருப்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பங்குக்கு மூன்று வேலைகள் உண்டு.

முதலில் வெளியே எட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டில் மட்டும் இல்லையென்றால் ஈ.எல்.சி.பி. விழுந்திருக்கலாம். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுத் தூக்கிப் பாருங்கள். மீண்டும் விழுந்தால் பதிவுபெற்ற வயர்மேனை அழையுங்கள். அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும் நல்லது.

தெருவே இருண்டிருந்தால் 15454-க்கு நீங்களே அழையுங்கள். பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது என்று குறித்து வையுங்கள். குடியிருப்பாளர் சங்கம் ஆறு மாதக் குறிப்போடு போய்க் கேட்டால், "அடிக்கடி போகிறது" என்ற புகாரைவிட அதற்குப் பலம் அதிகம். சராசரியில் மறைந்துபோகும் தெருவை அந்தக் குறிப்பேடு காட்டிக்கொடுக்கும்.