பாமா: தெருவின் தமிழில் ஒரு தன்வரலாறு

பிறப்பு: 1958, புதுப்பட்டி, விருதுநகர் மாவட்டம்
முதல் நூல்: ‘கருக்கு’, 1992

வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது புதுப்பட்டி. தலித் கிறிஸ்தவக் குடும்பம். தந்தை ராணுவத்தில், பாட்டி நிலக்காரர் வீட்டில் கூலிவேலை. ஆய்வாளர் ராஜ் கௌதமன் இவருடைய அண்ணன்.

பள்ளி ஆசிரியையான பாமா, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய எண்ணிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கும் சாதி இருந்தது. வெளியேறி எழுதிய நூல் ‘கருக்கு’. தெருவில் பேசும் தமிழிலேயே பாமா அதை எழுதினார். வயல், பள்ளிக்கூடம், தேவாலயம் மூன்றிலும் சாதி இயங்கும் விதத்தை உள்ளிருந்து காட்டினார். சொந்த ஊரில் முதலில் எதிர்ப்பு எழுந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

‘சங்கதி’ (1994) உழைக்கும் பெண்களின் நூல். ஆணைவிடக் குறைந்த கூலி, வீட்டில் அடி, அத்தனைக்கும் நடுவே வாயாடித்தனமும் கேலியும். ‘வன்மம்’ (2002) இரு தலித் சாதிகளுக்கு இடையே மூளும் பகையைப் பேசுகிறது.

கன்னடத்தில் தேவனூர் மகாதேவ, சித்தலிங்கையா ஆகியோர் 1970-களிலேயே தலித் எழுத்துக்கு வலுவான இடம் தேடித் தந்தனர். தமிழில் அம்பேத்கர் நூற்றாண்டை (1991) ஒட்டி எழுந்த அலையில் ‘கருக்கு’ முன்வரிசையில் நிற்கிறது. தமிழ்த் தலித் பெண் ஒருவரின் தன்வரலாறு நூலாக வந்ததில் இதுவே முன்னோடி.