காவற் கணுவைக் காட்டும் மருந்து

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதைக் கண்டிருப்பீர்கள். அங்குள்ள நிணநீர்க் கணுக்கள் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் காவலர்கள். வாயில் புற்றுநோய் தோன்றினால், அதன் உயிரணுக்களும் நிணநீரோடு சென்று கழுத்திலுள்ள கணுக்களையே அடைகின்றன. அவ்வாறு முதலில் எதிர்ப்படும் கணுவைக் 'காவற் கணு' என்பர்.

அதில் நோய் இல்லையெனில், அப்பாலுள்ள கணுக்களிலும் பெரும்பாலும் இராது. ஆனால் கழுத்தில் நூற்றுக்கணக்கான கணுக்கள் உள்ளன. அவற்றுள் காவற் கணு எது? இதனை அறிய இயலாதபோது, நோய் பரவியிருக்கலாம் என்ற ஐயத்தாலேயே கழுத்துக் கணுக்களைக் கூட்டமாக அகற்ற நேரிடும். நோய் பரவாதவருக்கும் இதனால் தோள் வலியும் கையை உயர்த்த முடியாத தளர்ச்சியும் உண்டாகலாம்.

இக்குறையைப் போக்க வந்ததே டில்மனோசெப்ட். டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைத் தொடரில் மானோஸ் என்னும் மற்றொரு சர்க்கரையைக் கோத்து இதனைச் செய்கின்றனர். கணுக்களில் கிருமிகளை விழுங்கும் உயிரணுக்கள் உண்டு. அவை மானோஸைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை இம்மருந்துடன் சேர்த்துக் கட்டியைச் சுற்றி ஊசியால் செலுத்துவர். மருந்து விரைந்து நகர்ந்து காவற் கணுவில் தங்கும். அங்கிருந்து வரும் காமாக் கதிர்களைக் கருவி கண்டுகொள்ளும். சுமார் 6 மணி நேரத்தில் கதிரியக்கம் பாதியாகக் குறைந்துவிடும்.

மருந்து காட்டியது மெய்தான் என்று நம்புவது எங்ஙனம்? நோயுள்ள ஒரு கணு தப்பினால் உயிருக்கே கேடு விளையலாம் அன்றோ? எனவே அமெரிக்காவில் நடந்த சோதனையில், மருந்து காட்டிய கணுவை முதலில் எடுத்தனர். பின்னர் வழக்கப்படி மற்றக் கணுக்களையும் அகற்றி, அனைத்தையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்து ஒப்பிட்டனர். வாயிலோ, தலை, கழுத்துத் தோலிலோ புற்றுடைய 83 பேரின் முடிவுகளைக் கணக்கிட்டபோது, 39 பேருக்குக் கணுக்களில் நோய் பரவியிருந்தது. அவர்களுள் 38 பேரிடம் நோயுற்ற கணுவை மருந்து சரியாகக் காட்டிற்று; ஒருவரிடம் மட்டுமே தவறிற்று. 2014-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, வாய்ப் புற்றுநோயில் காவற் கணுவைக் கண்டறிய இதனை அனுமதித்தது.

தோழியரே, சோதனைக்கு உட்பட்டவர்களுக்கு அறுவை சிறிதும் குறையவில்லை. முழுச் சிகிச்சையையும் ஏற்று, அதனூடே இச்சோதனைக்கும் இசைந்தனர். காவற் கணுவில் நோயில்லை என்றறிந்து, தோள் வலியின்றி வீடு திரும்பும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடமைப்பட்டவரே.