இத்தாலிய மொழியில் இறந்தகால எச்சம்

‘தொன்னூல் விளக்கம்’ தந்த வீரமாமுனிவர் 1680 ஆம் ஆண்டில் இத்தாலியிற் பிறந்தவர். அவர் நம் எச்சங்களை ஆராய்ந்தார். அவர் பிறந்த நாட்டு மொழியின் எச்சமொன்றை நாமும் ஆராய்தல் தக்கதே.

இத்தாலிய வினைப்பெயர்கள் ஆரே, எரே, ஈரே என முடியும். இவ்வீறுகள் முறையே ஆத்தோ, ஊத்தோ, ஈத்தோ எனத் திரிய இறந்தகால எச்சம் பிறக்கும். பர்லாரே (பேசுதல்) பர்லாத்தோ எனவும், வெந்தெரே (விற்றல்) வெந்தூத்தோ எனவும், தோர்மீரே (உறங்குதல்) தோர்மீத்தோ எனவும் வரும். ஸ்கிரீவெரே (எழுதுதல்) ஸ்கிரித்தோ என்றாதல் போல விதி கடந்தனவும் பல.

எழுதிய மாணவன், எழுதிய கடிதம் என நம் பெயரெச்சம் யாண்டும் மாறாது நிற்கும். இத்தாலிய எச்சமோ பெயரடை போலப் பாலும் எண்ணும் காட்டவல்லது. ஆண்பால் ஒருமைக்கு ஓ, பெண்பால் ஒருமைக்கு ஆ, ஆண்பாற் பன்மைக்கு இ, பெண்பாற் பன்மைக்கு எ என்பன ஈறுகளாம்.

இவ்வெச்சம் துணைவினையோடு கூடி முற்றுப்பொருள் தரும். போதல், வருதல், பிறத்தல், இறத்தல் முதலியன ‘எஸ்ஸெரே’ (இருத்தல்) என்னும் துணைவினையை ஏற்கும். அப்போது எச்சம் எழுவாயோடு இயையும். ‘நான் போனேன்’ என்பதை ஆடவன் ‘சோனோ அந்தாத்தோ’ என்பான். பெண் ‘சோனோ அந்தாத்தா’ என்பாள். நம் தன்மைவினை காட்டாத பாலை ஆங்கு ஈற்றுயிர் காட்டுகின்றது.

மாணவர் இடறுமிடம் ‘அவேரே’ (உடைமை) என்னும் மற்றைத் துணைவினையாம். ‘ஓ ஸ்கிரித்தோ லா லெத்தெரா’ (கடிதத்தை எழுதினேன்) என்புழி, கடிதம் பெண்பாலாயினும் எச்சம் மாறாது. கடிதத்தைச் சுட்டும் பெயர் முன்வரின், ‘லோ ஸ்கிரித்தா’ (அதை எழுதினேன்) என மாறும்.

காரணம் யாது? தாய்மொழியாகிய இலத்தீனில் இத்தொடர் ‘எழுதப்பட்ட கடிதத்தை உடையேன்’ என்ற பொருளிற் பிறந்தது. எச்சம் கடிதத்திற்கு அடையாகவே நின்றது. காலப்போக்கில் உடைமைப்பொருள் தேய்ந்து இறந்தகாலப்பொருள் மிக்கது. பெயர் பின்வருமிடத்துப் பழைய இயைபு பெரும்பாலும் வழக்கொழிந்தது. சுட்டுப்பெயர் முன்வருமிடத்து நிலைத்தது. விலக்கெனத் தோன்றுவதே பழைய விதியின் எச்சம்!

புணர்ச்சி விதிகளைக் காரணங் கூறாது ஒப்புவிக்கச் செய்த ஆசிரியருள் யானும் ஒருவன். வினவிய மாணவனை ‘அது விதி’ என்று அமர்த்தியதும் உண்டு. அயன்மொழியின் ஓர் ஈற்றுயிர் அத்தவற்றை எனக்கு உணர்த்திற்று. ஆசிரியப்பணி பூண்ட பழைய மாணவர்காள்! விதியைக் கற்பியுங்கள், அதன் வரலாற்றையும் உடன் கற்பியுங்கள். காரணம் அறிந்த மாணவன் விதியை மறவான்.