அலை கூப்பிடுகிறது... வீட்டை எங்கே பார்ப்பது?

"அம்மா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நான் கடலோரமா ஒரு வீடு எடுத்துத் தங்கி அலைச்சறுக்கு கத்துக்கப் போறேன்!"

கள்ளக்குறிச்சியில் பிறந்து வளர்ந்த பிள்ளை திடீரென்று இப்படிச் சொன்னால் உங்களுக்குப் பகீரென்றுதானே இருக்கும்? 'கல்வராயன் மலையில், கரியாலூர் ஏரியில் படகு விட்டதோடு சரி, இவனுக்கு எதுக்குக் கடல்?' என்று தோன்றும். தடுக்காதீர்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே இடம்பிடித்த விளையாட்டு இது. தோள், முதுகு, கால் என்று உடம்பு முழுவதற்கும் நல்ல வேலை. ஆனால் எந்த ஊரில் தங்குகிறான் என்பதில்தான் அவன் பத்திரமே இருக்கிறது.

கிணற்று நீச்சல் போதுமா?

நம்ம பக்கத்துப் பிள்ளைகள் பலர் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் பழகியவர்கள். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடல் அப்படியில்லை. கரைக்கு வந்த அலைநீர், குறுகலான ஒரு பாதை வழியாகக் கடலுக்குள் வேகமாகத் திரும்பும். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிறதே, பெரும்பாலும் அந்த இடம்தான் ஆபத்து! இந்த இழுப்பை எதிர்த்து நீந்தினால் கெட்டிக்காரரும் களைத்துவிடுவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். பலகையை மட்டும் விடவே கூடாது. அதுதான் மிதவை.

அதனால், பயிற்சியாளர் இருக்கிற ஊராகப் பாருங்கள்.

எந்த ஊர்?

கோட்டக்குப்பம்: மூன்றில் நமக்குக் கிட்டத்தில் இருப்பது இதுதான். புதுச்சேரிக்கு வடக்கே செரினிட்டி கடற்கரையில் பயிற்சிப் பள்ளிகள் உண்டு. விழுப்புரம் வழியாக வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போகலாம். அவசரத்துக்குப் பக்கத்திலேயே ஜிப்மர்.

மாமல்லபுரம்: 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி இங்கேதான் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார்.

கோவளம்: மீனவ இளைஞர்களே பயிற்சியாளர்களாக வளர்ந்த ஊர். பக்கத்து முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறையும் இருக்கிறது.

ஜெட் ஸ்கி ஆசையும் சேர்ந்துகொண்டால் இதையும் சொல்லிவையுங்கள். அந்த வண்டி தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித்தான் ஓடுகிறது. எதிரே ஏதாவது வந்தால் பயந்துபோய் ஆக்சிலேட்டரை விடுவோம் இல்லையா? விட்டால் பல வண்டிகள் திரும்பவே திரும்பாது! விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு மணிக்கட்டில் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே கூடாது.

வீடு பார்க்கும்போது...

* ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறதா என்பதைவிட, குடிதண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று பாருங்கள்.

* ஆஸ்பத்திரி எத்தனை நிமிட தூரம்? ராத்திரியில் ஆட்டோ கிடைக்குமா?

* சாக்கடையோ முகத்துவாரமோ கலக்கிற இடம் பக்கத்தில் இருந்தால் கவனம். பெருமழைக்குப் பிறகு சில நாள் அங்கே இறங்கினால் வயிற்றுப்போக்கு, காதில் சீழ் வரலாம்.

* வெயிலும் காற்றும் வருஷக்கணக்கில் பட்டால் கண்ணில் சதை வளரும். கரையில் கறுப்புக் கண்ணாடி, தொப்பி அவசியம். காலை நேரமே நல்லது.

* அட்வான்ஸை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு ரூமை மாத வாடகைக்கு எடுக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையை ஒருமுறை நேரில் பார்த்த பிறகு வீட்டை முடிவு செய்யுங்கள். புயல் மாதங்களில் புதியவர்களுக்குக் கடலில் வேலையில்லை.

அதுவரை? ஊரிலேயே ஒழுங்காக நீச்சல் பழகட்டும். கோமுகி அணையிலும் மேகம் அருவியிலும் 'பயிற்சி' வேண்டவே வேண்டாம். அணையில் ஆழம் தெரியாது. அருவியில் பாறையும் திடீர் வெள்ளமும் உண்டு.

கல்வராயன் மலையில் பெய்கிற மழையே கோமுகி, மணிமுக்தா, வெள்ளாறு என்று நிதானமாக இறங்கித்தான் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேருகிறது. உங்கள் பிள்ளைக்கு மட்டும் என்ன அவசரம்?