அனலீஸ் மிஷேல் வழக்கு

அனலீஸ் மிஷேல் வழக்கு என்பது பேயோட்டும் சடங்கிற்கு உட்படுத்தப்பட்ட கல்லூரி மாணவி ஒருவரின் மரணம் தொடர்பாக, மேற்கு ஜெர்மனியின் அஷாஃபன்பூர்க் நகர நீதிமன்றத்தில் 1978 ஆம் ஆண்டு நடைபெற்ற குற்றவியல் வழக்கு ஆகும். மாணவியின் பெற்றோரும் இரு கத்தோலிக்க குருக்களும் இதில் குற்றஞ்சாட்டப்பட்டனர். சமய நம்பிக்கையின்படி நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டவர்களுக்கும் சட்டப் பொறுப்பு உண்டா என்பதே இவ்வழக்கில் எழுந்த முதன்மையான கேள்வியாகும்.

பின்னணி

மிஷேல் 1952 ஆம் ஆண்டு பவேரியா மாநிலத்தில் பிறந்து, மைன் ஆற்றங்கரையிலுள்ள கிளிங்கன்பெர்க் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். 1968 இல் அவருக்கு முதன்முறையாக வலிப்பு ஏற்பட்டது. மருத்துவர்கள் அதனை வலிப்பு நோய் எனக் கண்டு மருந்துகள் அளித்தனர். பின்னர் மனச்சோர்வு உண்டானதுடன், தம்மைச் சபிக்கும் குரல்கள் கேட்பதாகவும் அவர் கூறினார். பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்தும் குணமடையாததால் குடும்பத்தினர் திருச்சபையின் உதவியை நாடினர்.

சடங்கும் மரணமும்

வூர்ட்ஸ்பூர்க் ஆயர் ஜோசப் ஸ்டாங்கிள் 1975 செப்டம்பரில் பேயோட்டுதலுக்கு அனுமதி அளித்தார். 1614 ஆம் ஆண்டின் சடங்கு நூலைப் பின்பற்றி, சுமார் பத்து மாதங்களில் 67 முறை சடங்கு நடத்தப்பட்டது. இக்காலத்தில் மிஷேல் உணவு உண்பதைப் படிப்படியாகக் கைவிட்டார். மருத்துவர் எவரும் அழைக்கப்படவில்லை. 1976 ஜூலை 1 அன்று, தமது 23 ஆவது வயதில் அவர் இறந்தார். அப்போது அவருடைய எடை சுமார் 31 கிலோகிராம் மட்டுமே. ஊட்டச்சத்துக் குறைவும் உடலில் நீர் வற்றியதும் மரணத்திற்குக் காரணம் எனப் பிரேதப் பரிசோதனையில் தெரியவந்தது.

வழக்கும் தீர்ப்பும்

வழக்கு விசாரணை 1978 மார்ச் 30 அன்று தொடங்கியது. அரசியலமைப்பு வழங்கும் சமய உரிமையின்படி பேயோட்டுதல் குற்றமாகாது என எதிர்த்தரப்பு வாதிட்டது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்னர் மருத்துவ உதவி கிடைத்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்பது அரசுத் தரப்பின் வாதமாகும். சடங்கின்போது பதிவு செய்யப்பட்ட ஒலிநாடாக்களும் நீதிமன்றத்தில் ஒலிக்கப்பட்டன.

நால்வரும் கவனக்குறைவினால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அவர்களுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மூன்றாண்டு நன்னடத்தை நிபந்தனையுடன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆயர் மீது வழக்குத் தொடரப்படவில்லை. சடங்கு நடத்தியதற்காக அன்றி, உயிருக்கு ஆபத்தான நிலையிலும் மருத்துவ உதவியை நாடாததற்காகவே தண்டனை வழங்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒப்பீடு

ருமேனியாவின் தனாகு மடத்தில் 2005 இல் நிகழ்ந்த மரணம் இதனின்று வேறுபட்டது. அங்கு இளம் கன்னியாஸ்திரி ஒருவர் சிலுவை வடிவச் சட்டத்தில் கட்டி வைக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். உடல்மீது நேரடியாக வன்முறை பயன்படுத்தப்பட்ட அவ்வழக்கில் குருவுக்கு 2007 இல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது 7 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

தாக்கம்

வத்திக்கான் 1999 ஆம் ஆண்டு பேயோட்டும் சடங்கு நூலின் திருத்திய பதிப்பை வெளியிட்டது. உடல், மன நோய்களைப் பேய் பிடித்தல் எனக் கொள்ளாதிருக்குமாறு அது எச்சரிக்கிறது. மிஷேலின் கதையைத் தழுவி 2005 இல் 'தி எக்சார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படமும், 2006 இல் 'ரெக்வியம்' என்னும் ஜெர்மானியத் திரைப்படமும் வெளிவந்தன.