நிகத் ஜரீனுடன் மீண்டும் மோதுவதைத் தவிர்த்தாரா மேரி கோம்? 2019-ல் நடந்தது என்ன?

ஆறு முறை உலக சாம்பியன். அவருக்கும் டிரையல் வைக்கணுமா? 2019 கடைசியில் இந்தியக் குத்துச்சண்டை உலகத்தையே இரண்டாகப் பிரித்த கேள்வி இது. ஒரு பக்கம் மேரி கோம். மறுபக்கம் தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்த நிகத் ஜரீன். இருவருக்கும் ஒரே எடைப்பிரிவு, 51 கிலோ. ஒலிம்பிக் போக ஒரே ஒரு இடம்.

சர்ச்சை எங்கே தொடங்கியது?

2019 மே மாதம் கவுகாத்தியில் நடந்த இந்தியா ஓபன் அரையிறுதியில் நிகத்தை மேரி வென்றார். ஆகஸ்டில் உலக சாம்பியன்ஷிப்புக்கான அணித் தேர்வு வந்தது. அப்போது மேரிக்கு டிரையல் வைக்காமலேயே இடம் கொடுத்தது இந்தியக் குத்துச்சண்டை சம்மேளனம். அவருடைய சமீபத்திய வெற்றிகளைக் காரணமாகச் சொன்னது.

அக்டோபரில் ரஷ்யாவின் உலன் உடேயில் மேரிக்குக் கிடைத்தது வெண்கலம். உலகப் போட்டியில் தங்கம் அல்லது வெள்ளி வென்றால்தான் ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கு டிரையல் இல்லாமல் போகலாம் என்பது விதி. ஆனாலும் மேரியையே அனுப்பப் போவதாக சம்மேளனத் தலைவர் அஜய் சிங் பேச, பிரச்சினை வெடித்தது.

நிகத் என்ன செய்தார்?

அப்போதைய விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 'எனக்கு இடம் கொடுங்க' என்று அவர் கேட்கவில்லை. நியாயமாக ஒரு வாய்ப்பு போதும் என்றார். 23 ஒலிம்பிக் தங்கம் வென்ற மைக்கேல் பெல்ப்ஸே ஒவ்வொரு முறையும் தகுதி பெற்றுத்தான் போனார் என்று சுட்டிக்காட்டினார். அபினவ் பிந்த்ரா நிகத்துக்கு ஆதரவாகப் பேசினார். தனக்குப் பயமில்லை, சம்மேளனம் சொல்வதைச் செய்வேன் என்பது மேரியின் பதில்.

ரிங்கில் யார் ஜெயித்தார்?

கடைசியில் டிரையல் நடந்தது. டிசம்பர் 28, டெல்லி. 37 வயது மேரி, 23 வயது நிகத்தை 9-1 என்று வென்றார். ஆட்டம் முடிந்ததும் கைகுலுக்க மறுத்தார்.

அப்போ, தவிர்த்தாரா இல்லையா?

பயந்து ஒதுங்கினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. முன்னாடியும் ஜெயித்தார், பின்னாடியும் ஜெயித்தார். ஆனால் தனக்குக் கிடைத்த சலுகையை 'வேண்டாம், டிரையல் வைங்க' என்று அவரே தள்ளிவிட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது.

தொழில்முறை குத்துச்சண்டை வேறு மாதிரி. 2003-ல் விட்டாலி கிளிட்ச்கோ புள்ளிகளில் முன்னிலையில் இருந்தபோது, அவர் முகத்தில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தால் ஆட்டம் நிறுத்தப்பட்டு லெனாக்ஸ் லூயிஸ் வென்றார். மறுமோதல் நடக்காமலேயே 2004-ல் லூயிஸ் ஓய்வு பெற்றார். அங்கே முடிவு வீரர் கையில். இங்கே அது சம்மேளனத்தின் கையில். அதனால் கேள்வி மேரியைவிட சம்மேளனத்துக்குத்தான் அதிகம் பொருந்தும்.

டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 2-3 என மேரி தோற்றார். நிகத் 2022-ல் இஸ்தான்புல்லிலும், 2023-ல் டெல்லியிலும் உலக சாம்பியன் ஆனார்.

நாளைக்கு நம்ம நாகர்கோவிலில் இருந்து ஒரு பிள்ளை மாவட்டம், மாநிலம் எல்லாம் ஜெயித்து டெல்லி வரை போகலாம். எதிரே எவ்வளவு பெரிய பேர் நின்றாலும் சரி, அந்தப் பிள்ளைக்கு ரிங்கில் ஒன்பது நிமிஷம் கிடைக்கணும். அதில் தோற்றால் அது தோல்வி. அந்த ஒன்பது நிமிஷமே கிடைக்கலைன்னா, அது அநியாயம்.